தொடங்கியதை முடிக்கும் பழக்கம்: பள்ளிவாசல்துறை இளையோருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிவாசல்துறையிலும் அதன் அயலூர்களிலும் வாழும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,



உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றைப் பார்த்திருப்பவர்கள், பெறுபேறு வந்த பிறகும் பல்கலைக்கழக அனுமதிக்காக மாதக்கணக்கில் வீட்டில் இருப்பவர்கள், கடலுக்குப் போய்க்கொண்டே கணினிப் பாடநெறி படிப்பவர்கள், வெங்காயத் தோட்ட வேலைக்கு நடுவே வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்தவர்கள், தையலையோ பலகாரத்தையோ வீட்டுத் தொழிலாக்க நினைப்பவர்கள், உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். கல்பிட்டித் தீபகற்பத்தில் படிப்பிக்கும் ஒருவர் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

உங்களிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆங்கிலம் படிக்கத் தொடங்குகிறீர்கள். யூடியூப்பில் ஒரு தொடரைப் பார்த்து வடிவமைப்புப் பழகத் தொடங்குகிறீர்கள். ஊர்ச் சங்கத்துக்காக ஒரு மலர் வெளியிடலாம் என்று கூடிப் பேசுகிறீர்கள். வட்ஸ்அப் குழு உண்டாகிறது, பெயர் வைக்கிறீர்கள், முதல் வாரம் செய்தி ஓயாமல் வருகிறது. மூன்றாவது வாரம் குழு அமைதியாகிவிடுகிறது. பாதியில் நின்ற கொப்பிகள் எத்தனையோ வீட்டு அலுமாரிகளில் கிடக்கின்றன. அவற்றைத் தொடங்கியவர்கள் சோம்பேறிகள் அல்ல. இரவு முழுக்கக் கடலில் நின்றுவிட்டு விடியற்காலை மீன் பிரிக்கும் கைகளைச் சோம்பல் என்று யார் சொல்ல முடியும்? வெயில் ஏறுமுன் மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு உழைப்பைப் பற்றி யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கடல் வேலைக்கும் தோட்ட வேலைக்கும் நேரம் குறித்திருக்கிறது, இடம் குறித்திருக்கிறது, எவ்வளவு செய்ய வேண்டும் என்ற அளவும் குறித்திருக்கிறது. பயிருக்கு இன்று தண்ணீர் விடலாமா என்று யாரும் மனநிலையைக் கேட்பதில்லை. நீங்களாக எடுத்துக்கொண்ட வேலைக்கு மட்டும் நேரமும் இல்லை, இடமும் இல்லை, அளவும் இல்லை. ஆர்வம் வரும்போது செய்கிறோம். ஆர்வம் போனதும் வேலையும் போய்விடுகிறது. நேரம், இடம், அளவு ஆகிய மூன்றையும் குறித்துவிட்டால் சாதாரணப் பிள்ளையும் பெரிய வேலையை முடிக்கலாம் என்பதே நான் உங்களிடம் சொல்ல வந்தது.

நம் மண்ணிலேயே இதற்கு ஓர் ஆள் இருக்கிறார். சைமன் காசிச்செட்டி 1807இல் கல்பிட்டியில் பிறந்தவர். இளவயதிலேயே அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்து புத்தளத்தில் பணியாற்றினார். 1834இல், தமது 27ஆவது வயதில், இலங்கையின் ஊர்கள், ஆறுகள், மாவட்டங்கள், மக்கள் பற்றிய விவரங்களைத் திரட்டி ‘சிலோன் கசற்றியர்’ என்ற நூலை வெளியிட்டார். 1838இல் சட்டவாக்க சபை உறுப்பினரானார். 1841இல் ‘உதயாதித்தன்’ என்ற தமிழ் இதழைத் தொடங்கினார். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்து ‘தமிழ் புளூட்டாக்’ என்ற ஆங்கில நூலைத் தந்தார். அடுத்த ஆண்டு காலமானார். ரயில் வராத காலம், மின்விளக்கு இல்லாத காலம், கொழும்பிலிருந்து ஒரு கடதாசிக் கட்டு வந்து சேர நாட்கள் பிடித்த காலம் அது. முழுநேர உத்தியோகமும் பார்த்துக்கொண்டு இந்த மனிதர் இவ்வளவையும் முடித்தார்.

அவருடைய இரண்டு பெரிய நூல்களின் அமைப்பையும் கவனியுங்கள். இரண்டும் பதிவுகளால் ஆனவை. ஓர் ஊருக்கு ஒரு பதிவு, ஓர் ஆற்றுக்கு ஒரு பதிவு, ஒரு புலவருக்கு ஒரு பதிவு. முழு இலங்கையையும் எழுதப் போகிறேன் என்று உட்கார்ந்தால் எவருக்கும் கை ஓடாது. கல்பிட்டியைப் பற்றிய பதிவை எழுதப் போகிறேன் என்றால் ஒரு மாலையில் உட்காரலாம், எழுந்திருக்கும்போது ஒன்று முடிந்திருக்கும். பெரிய வேலையைச் சிறிய, தனித்தனியே முடியக்கூடிய துண்டுகளாக வெட்டுவதே முதல் பழக்கம். “ஆங்கிலம் படிக்கிறேன்” என்பது துண்டல்ல. “இன்று இந்தப் பந்தியை வாசித்து, தெரியாத பத்துச் சொல்லை எழுதுகிறேன்” என்பது துண்டு. “தையல் தொழில் தொடங்குகிறேன்” என்பது துண்டல்ல. “இன்று ஒரு சட்டையின் கழுத்துப் பட்டியை வெட்டித் தைக்கிறேன்” என்பது துண்டு. ஒரே அமர்வில் முடியாத எதையும் இன்னொரு முறை வெட்டுங்கள்.

அடுத்தது நேரம். இதில் உங்களுக்கு வெளியூர்ப் பிள்ளைகளைவிட ஒரு வசதி இருக்கிறது. நம் ஊரில் நாள் ஏற்கெனவே ஐந்தாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சுபஹ், ளுஹர், அஸர், மஃரிப், இஷா என்று ஐந்து வக்துக்கும் பாங்கு சொல்லப்படுகிறது. கைக்கடிகாரம் இல்லாதவருக்கும் அது கேட்கும். உங்கள் வேலையை அதில் ஒன்றோடு சேர்த்துக் கட்டுங்கள். “நேரம் கிடைக்கும்போது படிப்பேன்” என்பதற்குப் பதிலாக, “அஸர் தொழுது வீட்டுக்கு வந்ததும், விறாந்தை மேசையில் இருந்து, ஒரு பந்தி வாசிப்பேன்” என்று எழுதி வையுங்கள். கோயிலுக்குப் போகும் பிள்ளைகள் காலை மணியோடோ மாலைச் செபத்தோடோ அதைச் சேர்க்கலாம்.

இப்படி, எது நடந்ததும் எங்கே என்ன செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்வதன் பலனை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் நீண்ட காலம் ஆராய்ந்தார். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் விருப்பத்தோடு நின்றவர்களைவிட, நேரத்தையும் இடத்தையும் சொல்லி முடிவெடுத்தவர்கள் தங்கள் இலக்கைத் தெளிவாகக் கூடுதலாக எட்டினார்கள். காரணம் எளியது. பாங்கு கேட்டதும், தொழுது முடித்ததும், அடுத்து என்ன என்று யோசிக்க வேண்டியிருப்பதில்லை. யோசிக்கும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் போன் கைக்கு வருகிறது.

எல்லோருக்கும் ஒரே வக்து பொருந்தாது. இரவுத் தொழிலுக்குப் போய்வரும் தம்பி சுபஹுக்குப் பிறகு கொப்பியைத் திறக்கக் கூடாது, தூங்க வேண்டும். கண் எரிய எரியப் படித்தது மனதில் தங்காது. அவருக்கு ளுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட நேரம் நல்லது. தோட்டத்துக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விடும் பிள்ளைக்கு மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் கிடைப்பது போதும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு சுபஹ் முடிந்து வேன் வரும் வரையுள்ள நேரம் மிகச் சிறந்தது. அந்நேரம் எவருடைய செய்தியும் வருவதில்லை. எந்த வக்து என்பதை நீங்களே தீர்மானியுங்கள். தீர்மானித்ததை வாரத்துக்கு வாரம் மாற்றாதீர்கள்.

எவ்வளவு நேரம்? குறைவாகத் தொடங்குங்கள். 1980களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், படிப்பில் மனம் நிற்காமல் தவித்தபோது, சமையலறையில் இருந்த தக்காளி வடிவ மணிக்கடிகாரத்தை எடுத்து, அது அடிக்கும் வரை வேறெதையும் தொடுவதில்லை என்று தன்னோடு பந்தயம் கட்டினார். அதிலிருந்து வளர்ந்த முறையைத்தான் இன்று உலகெங்கும் பலர் பின்பற்றுகிறார்கள்: 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. அரை மணிநேரம் என்பது எந்த வீட்டிலும் கண்டெடுக்கக்கூடிய நேரம். இரண்டு சுற்றுச் செய்தால் ஒரு மணிநேரம். நாளுக்கு ஒரு மணிநேரம், வாரத்தில் ஐந்து நாள் என்றால், உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் வீட்டில் இருக்கும் ஒருவர் ஒரு மொழியையோ ஒரு கைத்தொழிலையோ முறையாகப் பழகிவிடலாம். அந்த 5 நிமிட ஓய்வில் எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள், முற்றத்தைப் பாருங்கள். போனைத் தொட்டால் அது ஓய்வல்ல.

போனைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க், கணினித் திரைக்கு முன் மனிதர் எவ்வளவு நேரம் ஒன்றிலேயே கவனமாயிருக்கிறார்கள் என்று இருபது ஆண்டுகளாக அளந்து வருபவர். 2004 அளவில் சராசரி இரண்டரை நிமிடமாக இருந்தது. அண்மைய ஆண்டுகளில் அது 47 வினாடியாகச் சுருங்கிவிட்டது. சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009இல் இன்னொன்றைக் காட்டினார்: ஒரு வேலையை நடுவில் விட்டு இன்னொன்றுக்குப் போனால், மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது, புதிய வேலைக்கு முழு மனம் கிடைப்பதில்லை. “ஒரு செய்தியைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்” என்பது ஒரு நொடி வேலையாகத் தெரிகிறது. போவதற்கு ஒரு நொடி போதும். திரும்பி வருவதற்குத்தான் நேரம் வேண்டும்.

உங்களுக்கு இதை விளக்க நுரைச்சோலை அனல்மின் நிலையத்தைக் காட்டினால் போதும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று பட்டதால் நாடு முழுக்கக் கரண்ட் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். நுரைச்சோலையின் 900 மெகாவொட் தரும் மூன்று இயந்திரங்களும் நின்றன. நாட்டுக்குக் கரண்ட் சில மணிநேரத்தில் படிப்படியாகத் திரும்பியது. நுரைச்சோலை இயந்திரங்களை மீண்டும் ஓட்டுவதற்கோ நாட்கள் பிடித்தன. அந்த நாட்களில் ஒன்றரை மணிநேர மின்வெட்டு வந்தது. பெரிய கொதிகலன் ஒரு நொடியில் நின்றுவிடும். சூடேறிப் பழைய வேகத்துக்கு வரப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். ஆழமான வேலையில் இறங்கிய மனமும் அப்படித்தான். ஆகவே அந்த அரை மணிநேரத்துக்குப் போனை நிறுத்தி வேறு அறையில், உம்மாவின் கையிலோ அலுமாரியிலோ வையுங்கள். மேசையில் குப்புற வைப்பது போதாது. போனிலேதான் பாடம் பார்க்க வேண்டும் என்றால், காணொளியை முன்னதாகவே தரவிறக்கி வைத்துக்கொண்டு டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது, இடம். நம் வீடுகள் சிறியவை. மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீடும் உண்டு. தனி அறை கிடைக்கும் வரை காத்திருந்தால் வாழ்க்கை முழுக்கக் காத்திருப்பீர்கள். ஒரு மூலை போதும். ஆனால் அது எப்போதும் அதே மூலையாக இருக்கட்டும். அங்கே கொப்பியும் பேனையும் எப்போதும் இருக்கட்டும். உட்கார்ந்த பிறகு பேனை தேடி எழுந்திருக்கும் பிள்ளை திரும்பி வருவதில்லை. வீட்டில் முடியாவிட்டால் பள்ளிவாசலின் ஒரு பக்கம், பாடசாலை வகுப்பறை, மரநிழல் ஆகியவற்றில் ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள். 2022இல் மார்ச் முடியும்போது மின்வெட்டு ஒரு நாளில் 13 மணிநேரம் வரை போனது. அந்த நாட்களிலும் கொப்பியும் பேனையும் வேலை செய்தன. ஆகவே உங்கள் வேலையின் அடிப்படையைக் கடதாசியில் வையுங்கள். திரையை அதற்கு உதவியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது பழக்கம் மிகச் சிறியது. நான் எல்லாவற்றையும்விட அதிகமாக நம்புவது இதைத்தான். எழுந்திருக்கும் முன், அடுத்த நாள் முதலில் செய்ய வேண்டியதை ஒரே வரியில் கொப்பியில் எழுதிவிட்டு எழுந்திருங்கள். “நாளை: 14ஆம் பக்கம், மூன்றாவது கணக்கிலிருந்து.” “நாளை: வலது கை வெட்டியாயிற்று, இடது கை.” முடிக்காத வேலை மனத்தை அரித்துக்கொண்டே இருக்கும், சாப்பிடும்போதும் தொழும்போதும் குறுக்கே வரும். அதற்கு அடுத்து என்ன என்று தெளிவாக எழுதிவிட்டால் அந்த அரிப்பு தணிகிறது என்று மசிகாம்போவும் பௌமைஸ்டரும் 2011இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். இன்னொரு பயனும் உண்டு. மறுநாள் உட்காரும்போது எங்கே விட்டோம் என்று தேடுவதில் கால்மணிநேரம் போகாது. நடுவில் நின்றுபோகும் பல வேலைகள் இந்த ஒரு வரி இல்லாததால்தான் நிற்கின்றன.

ஐந்தாவது, நாள் கணக்கு. எவ்வளவு காலத்தில் முடியும் என்று நாம் போடும் கணக்கு ஏறக்குறைய எப்போதும் பிழைக்கும். 1994இல் கனடாவில் இறுதியாண்டு மாணவர்களிடம் ஆய்வுக் கட்டுரையை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே பிழைத்துப்போனால் எத்தனை நாள் என்று கேட்டபோது 49 நாள் என்றார்கள். உண்மையில் எடுத்தது 55 நாள். எல்லாம் பிழைத்தால் என்று போட்ட கணக்கையும் தாண்டிவிட்டது. நம் ஊரில் பிழைப்பதற்கு இன்னும் காரணங்கள் உண்டு. நோன்பு வரும், இரண்டு பெருநாள் வரும், மார்ச்சிலும் ஓகஸ்ட்டிலும் தலவில புனித அன்னம்மாள் திருவிழா வரும், வெங்காய அறுவடை வரும், கடல் தொழில் பருவம் மாறும், கல்யாண வீடு வரும், மௌத்து வீடு வரும். இவற்றைத் தடைகள் என்று நான் சொல்லவில்லை. இவைதான் நம் வாழ்க்கை. திட்டம் போடும்போதே இவற்றை நாட்காட்டியில் குறித்துக் கழித்துவிட்டு, மிஞ்சும் நாட்களை வைத்துக் கணக்குப் போடுங்கள். மூன்று மாதம் என்று தோன்றினால் ஐந்து மாதம் என்று எழுதுங்கள்.

விட்டுப்போகும் நாட்களைப் பற்றியும் பயப்பட வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 96 பேரைக் கவனித்து 2010இல் எழுதிய ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவளவாக 66 நாள் எடுத்தது. விரைவானவருக்கு 18 நாள். மெதுவானவருக்கு 254 நாள் என்று கணக்கிட்டார்கள். ஆகவே பக்கத்து வீட்டு நானா இரண்டு வாரத்தில் பழகிவிட்டார், எனக்கு வரவில்லை என்று மனம் சோர வேண்டாம். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஒரு நாள் விட்டதால் பழக்கம் கெடவில்லை. கெடுப்பது, ஒரு நாள் விட்டதைச் சாட்டாக வைத்து இரண்டாவது நாளையும் விடுவது. மௌத்து வீட்டுக்குப் போன நாள் போகட்டும். மறுநாள் அதே வக்து, அதே மூலை, ஐந்து நிமிடமாவது உட்காருங்கள்.

ஒரே சமயத்தில் ஒரு வேலை என்பது ஆறாவது. ஆங்கிலம், கணினி, தையல், மலர், கால்பந்துக் கழகக் கணக்கு என்று ஐந்தையும் தொட்டால் ஐந்தும் நிற்கும். இப்போது எது, பிறகு எது என்று வரிசைப்படுத்துங்கள். “பிறகு” என்ற பட்டியலுக்கு ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். புது எண்ணம் வந்தால் அங்கே எழுதிவிட்டு, கையில் இருப்பதற்குத் திரும்புங்கள். எழுதி வைத்த எண்ணம் எங்கும் போய்விடாது.

கடைசியாக, ஒரு சாட்சி. தனியாகச் செய்யும் வேலையை விடுவது எளிது. வாரத்தில் ஒரு நாள், ஜும்ஆ முடிந்தோ ஞாயிறு பூசை முடிந்தோ, ஒரு நண்பரோடு பத்து நிமிடம் இருந்து கொப்பியைக் காட்டுங்கள். இந்த வாரம் என்ன முடிந்தது, எது முடியவில்லை, அடுத்த வாரம் எது என்ற மூன்று கேள்வி போதும். கொப்பியைக் காட்ட வேண்டும் என்ற நினைப்பே உங்களை உட்கார வைக்கும். பெரிய கூட்டுப் பணிகள் இப்படித்தான் வளர்ந்தன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தங்கள் வீட்டில் இருந்தபடி, வேலை முடிந்து வந்த மாலைகளில், பங்கு பிரித்துத் தட்டச்சுச் செய்தார்கள். ஒருவர் தட்டச்சுச் செய்ததை இன்னொருவர் பிழை திருத்தினார். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் தன்னார்வலர்களின் உழைப்பால் எண்ணிமமாக்கிக் காத்தது. சம்பளத்தை எதிர்பார்த்துத் தொடங்கிய வேலைகள் அல்ல இவை. ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்க்கிறார் என்பதே அவர்களை நடத்தியது.

இந்த இடத்தில் பெற்றோருக்கும் மூத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகளின் கவனம் சிதறுவதற்குப் போன் மட்டும் காரணம் அல்ல. ஒரு தங்கச்சி உட்கார்ந்து கொப்பியைத் திறந்ததும் “தேங்காய் துருவிட்டு வா”, “தம்பியைப் பார்”, “கடைக்குப் போய்ச் சீனி வாங்கி வா” என்று கூப்பிடுகிறோம். ஆண்பிள்ளையைக் கூப்பிடும் அளவைவிடப் பெண்பிள்ளையைக் கூப்பிடுவது பல மடங்கு. வேலையைச் செய்ய வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அவள் குறித்த அந்த ஒரு மணிநேரத்துக்கு முன்னோ பின்னோ சொல்லுங்கள். அந்த மணிநேரத்தை வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி சொல்லி வையுங்கள். மகனுக்கும் அதே நேரத்தில் தேங்காய் துருவத் தெரியட்டும். ஒரு பிள்ளைக்கு நாளில் ஒரு மணிநேரம் குறுக்கிடாமல் விடுவதற்குக் காசு எதுவும் தேவையில்லை. ஆனால் பணம் கட்டி அனுப்பும் எத்தனையோ டியூஷனை விட அது பெரியது.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்தப் பழக்கங்களை வைத்துச் செய்வதற்கு உங்களிடம் ஒரு வேலையையும் வைக்கிறேன். நீங்கள் மனம் வைத்தால் பள்ளிவாசல்துறைக்கென்று ஒரு கசற்றியர் எழுதலாம். காசிச்செட்டி முழு இலங்கைக்கும் செய்ததை நீங்கள் உங்கள் கரைக்குச் செய்யுங்கள். வாடைக்காற்றுக்கும் சோழகத்துக்கும் இடையில் வீசும் சிறு காற்றுகளின் பெயர்கள், அவற்றில் எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும் என்ற கணக்கு, கரைவலையின் உறுப்புகள், களப்பிலும் வெளிக்கடலிலும் பயன்படும் வலைவகைகள், கிணறுகள், பழைய வாடிகள், களப்பைக் கடந்து புத்தளத்துக்குத் தோணியில் போய்வந்த காலம், மணல் மண்ணில் வெங்காயமும் கரட்டும் பீட்ரூட்டும் விளைவித்த முறை, மின்நிலையமும் காற்றாலைகளும் வந்த பிறகு மாறியவை எல்லாம் அதில் பதிவாகலாம்.

இன்னொன்றும் அதில் இருக்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கையில் அகப்பட்டதோடு இந்தப் புத்தளக் கரைக்கு வந்தார்கள். உங்கள் வகுப்பில் உள்ள பலரது குடும்பக் கதை அது. அவர்களுக்கு இடம் கொடுத்தவர்களின் கதையும் உங்களிடமே இருக்கிறது. அன்று நாற்பது வயதில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த ஓர் உம்மாவுக்கு இன்று எழுபத்தைந்தைக் கடந்துவிட்டது. எந்த வழியாக வந்தார்கள், முதல் இரவு எங்கே படுத்தார்கள், முதல் பள்ளிக்கூடம் எப்படி நடந்தது என்று அவர் வாயால் சொல்லிக் கேட்க இன்னும் நீண்ட காலம் கிடைக்காது. மற்ற வேலைகள் பாதியில் நின்றால் பிறகு தொடரலாம். இந்த வேலை பாதியில் நின்றால் தொடர முடியாது. ஒழுங்காக வேலையை முடிக்கும் பழக்கம் நமக்கு ஏன் வேண்டும் என்று கேட்பவருக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்.

கணக்கு எளியது. ஒரு பதிவு அரைப் பக்கம். வாரத்துக்கு மூன்று பதிவு. ஓர் ஆண்டில் 156. நோன்பையும் பெருநாட்களையும் பரீட்சை வாரங்களையும் கழித்தாலும் 120 தேறும். ஐந்து பேர் பங்கு பிரித்தால் ஒருவருக்கு ஆண்டில் 24 பதிவு, மாதத்துக்கு இரண்டு. மாதத்தில் இரண்டு அரைப் பக்கம் எழுத முடியாத பிள்ளை நம் ஊரில் இல்லை. கேட்கப் போகும்போது அனுமதி கேளுங்கள். சொல்ல விரும்பாததைத் தோண்டாதீர்கள். சொன்னவரிடம் எழுதியதை வாசித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். பிரதி ஒன்றைப் பாடசாலை நூலகத்தில் வையுங்கள், ஒன்றை ‘நூலகம்’ போன்ற எண்ணிமச் சேகரத்துக்குக் கொடுங்கள்.

நான் சொன்னவற்றில் எதுவும் அரிதானதல்ல. துண்டாக வெட்டுங்கள். வக்து ஒன்றைக் குறியுங்கள். அரை மணிநேரம் போனை அடுத்த அறையில் வையுங்கள். அதே மூலையில் இருங்கள். எழுந்திருக்கும் முன் ஒரு வரி எழுதுங்கள். நாட்கணக்கைக் கூட்டிப் போடுங்கள். ஒரு நாள் விட்டால் இரண்டாவது நாள் விடாதீர்கள். வாரத்தில் ஒருவருக்குக் காட்டுங்கள். இவற்றில் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். இன்று வக்தை மட்டும் தீர்மானியுங்கள், அடுத்த வாரம் போனை நகர்த்துங்கள், மற்றவை வரிசையாக வரும்.

இந்த மடலை வாசித்து முடித்ததும் ஒரு கொப்பியை எடுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் ஒரு வேலையை எழுதுங்கள். அதன் கீழே வக்தையும் இடத்தையும் எழுதுங்கள். அதற்கும் கீழே முதல் துண்டை எழுதுங்கள். பிறகு அதை ஒரு நண்பரிடம் காட்டி, வரும் வெள்ளிக்கிழமை பார்க்க வருவாயா என்று கேளுங்கள். நம் கரையிலிருந்து இருபத்தேழு வயதில் ஒருவர் ஒரு நாட்டையே எழுதி முடித்தார். உங்களால் உங்கள் ஊரை எழுதி முடிக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முடித்ததும் அந்தக் கொப்பியை நான் வாசிக்க வேண்டும். அதற்கு உரிமையோடு கேட்கிறேன்.

அன்போடும் துஆவோடும்,
கல்பிட்டித் தீபகற்பத்தின் ஆசிரியர் ஒருவர்